ஆற்றுச் செலவும் அறிந்து செல்லலும்

நம் பழைய மாணவருள் இளையோர் சிலர், விழா ஆண்டின் நினைவாக ஓர் ஆற்றுச் செலவு மேற்கொள்ளக் கருதியுள்ளனர். முதுகுப் பையில் மடித்துச் சுமந்து சென்று, கரையிற் காற்றடைத்து மிதக்கவிடும் சிற்றோடங்களில் ஏறி, கித்துல்கலவிலிருந்து களனி கங்கை வழியே மூன்று நாள் இறங்கி வருதல் அவர்தம் நோக்கம். ஒரு சாரார் இதனை ஆண்மைச் செயலெனப் போற்றுகின்றனர். மூத்தோர், ஆற்றோடு விளையாடுதல் ஆகாதெனத் தடுக்கின்றனர். கேகாலைத் தோட்டப் பகுதியில் தமிழ் கற்பிக்கும் யான் இவ்விரு கட்சியிலும் சேர்ந்தவனல்லன். செல்லுக, ஆயின் அறிந்து செல்லுக என்பதே என் கருத்து.

கணியன் பூங்குன்றனார் உயிரின் போக்கைப் பேராற்றில் மிதந்து செல்லும் தெப்பத்திற்கு ஒப்பிட்டார். அதனை எடுத்துக்காட்டி, ‘வருவது வரட்டும்’ என்பாரும் உளர். உவமையை வழிகாட்டியாகக் கொள்ளுதல் பிழை. வழிகாட்டி வேண்டுவோர் திருவள்ளுவரிடம் செல்லுக. தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்களை அவர் அடுத்தடுத்து வைத்தார். அரசர்க்கு உரைத்த அவை ஆற்றிலிறங்குவோர்க்கும் முற்றும் பொருந்தும்.

பாலைநிலத்து ஆறொன்றை நோக்குவோம். ஐக்கிய அமெரிக்காவிலே கொலராடோ ஆறு, ஏறத்தாழ 446 கிலோமீற்றர் நீளமான கிறாண்ட் கன்யன் பள்ளத்தாக்கினூடே செல்கின்றது. 1869ஆம் ஆண்டு மே மாதம், போரில் வலக்கையை இழந்த ஜோன் வெஸ்லி பவல் என்பார், தம்மொடு பதின்மராக, நான்கு படகுகளிற் புறப்பட்டார். பத்து மாதத்திற்குரிய உணவு கொண்டு சென்றனர். சில வாரங்களுள் ஒரு படகு பாறையில் மோதிச் சிதைந்தது. எஞ்சிய உணவிற் பெரும்பகுதி நனைந்து கெட்டது. ஆகஸ்ட் 28ஆம் நாள் ஒரு கொடிய விரைநீரோட்டத்தைக் கண்டு மூவர் பிரிந்து மலையேறினர், அவர் மீளவேயில்லை. ஆற்றோடு சென்ற அறுவரோ, இரண்டே நாளில் இடர் கடந்து வெளிப்பட்டனர். பிரிந்தவர்க்கு இல்லாதிருந்தது துணிவன்று. எல்லை எத்துணை அணிமையில் உளது என்னும் அறிவே. அன்று அவ்வாற்றிற்கு முழுமையான படம் இல்லை. இன்று நமக்குப் படமுண்டு. பாராது செல்வோமாயின் குற்றம் நம்முடையதே.

அப்பாலைநிலத்தில் மற்றுமொரு பாடம் உண்டு. 1997ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள், அன்டிலோப் கன்யன் என்னும் ஒடுங்கிய பிளவினுள் நின்ற பதினொருவரைத் திடீர் வெள்ளம் கொண்டுபோயிற்று. மழை பெய்தது அவர் தலைமேலன்று. பல மைல்களுக்கு அப்பால். நம் களனியும் அத்தகையதே. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலிய ஓயாவும் கூடிப் பிறக்கும் அவ்வாற்றின் மேற்புறத்திற் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களும் அவற்றைச் சார்ந்த மின்னிலையங்களும் உள்ளன. ஆங்கே நீர் திறந்துவிடப்படின், வானம் தெளிந்திருக்கும்போதே ஈண்டு நீர் உயரும். தென்மேற்குப் பருவமழையின் கடுமையோ சொல்லவேண்டா. 2016 மே மாதம் அரநாயக்க மலைச்சரிவு சரிந்ததைக் கண்ட மாவட்டத்தார்க்குக் காலமறிதல் ஏட்டுப் பாடமன்று.

இத்துணை உரைத்தற்கு எனக்கொரு காரணம் உண்டு. பல்லாண்டுகளுக்கு முன், ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியேற்ற புதிதில், மாணவர் இருபதின்மரை ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்றோம். உணவுப் பொதிகளை எண்ணினோம்; பேருந்துக் கூலியை எண்ணினோம்; நீந்த அறிந்தோர் எத்துணைப் பேர் என எண்ணினோமில்லை. கால் கழுவ இறங்கிய சிறுவன் ஒருவன் வழுக்கி விழுந்தான். கரையில் நின்ற ஆசிரியர் மூவரில் ஒருவர்க்கும் நீச்சல் தெரியாது. மணல் அள்ளிக்கொண்டிருந்த ஒருவர் பாய்ந்து அவனைக் கரைசேர்த்தார், உயிர் இல்லை. லயத்து வாசலில் அவன் தாய் என்னை நோக்கி, “சேர், நீங்களும் கூடத்தானே போனீங்க?” என்றாள். அவ்வொரு வினாவுக்கு இற்றைவரை என்னிடம் விடையில்லை.

ஆதலின் இளையோர்க்கு என் வேண்டுகோள் இது. செலவுக்கெனத் திரட்டும் பணத்தில் முதற்பங்கை நீச்சற் பயிற்சிக்கு ஒதுக்குக. தாமும் பயின்று, நம் மாணவர்க்கும் பயிற்றுக. தலைக்கொரு மிதவைச் சட்டை இல்லையேல் ஓடம் நீரில் இறங்கலாகாது. ஆற்றையறிந்த கித்துல்கல ஓடக்காரர் ஒருவரை உடன்கொள்க. இன்ன நாள் இன்ன துறையில் தங்குவோம் என எழுதி, கரையிலுள்ளார் ஒருவரிடம் கொடுத்துச் செல்க. தலைவன் ‘திரும்புவோம்’ என்றால் மறுசொல் இன்றித் திரும்புக; திரும்புதல் தோல்வியன்று.

இவற்றுக்கெல்லாம் ஓராண்டு செல்லுமே எனின், செல்லட்டும். விழா ஆண்டு கழியினும் ஆறு கழிந்துவிடாது. தடுக்கும் மூத்தோர்க்கும் ஒரு சொல்: நீரை அஞ்சிப் பிள்ளைகளைக் கரையிலேயே நிறுத்திவைத்தோம்; அதனாலேயே வழுக்கி விழுந்தவன் மீளவில்லை. அச்சம் காவலாகாது; கல்வியே காவல். அக்கல்வியைத் தரும் செலவாயின், ஓடத்தில் எனக்கும் ஓர் இடம் வைக்குக. இவ்வாண்டு யானும் நீந்தக் கற்கின்றேன்.