கருவுக்கும் தரம் பிரிப்பதோ?

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் தலைமுறைகளாய் வாழும் தமிழர்க்கு மிளகைச் சலித்துத் தரம் பிரிக்கும் தொழில் புதியதன்று. கனத்த மணிக்கு ஒரு விலை, சொத்தைக்கு ஒரு விலை. சரக்குக்கு அது முறை. மனிதக் கருவையும் அவ்வாறே சலித்தெடுக்கலாம் என்று இன்று சிலர் வாதிடுகின்றனர். பிள்ளைக்கு நல்லதையே நாடும் பெற்றோர் நல்ல கருவை நாடுவதில் பிழை என்ன என்பது அவர்தம் கேள்வி.

நோய் தடுப்பதை நாம் எதிர்க்கவில்லை. தாய் தந்தை இருவரும் தலசீமியாவின் மரபணுவைத் தாங்கியிருப்பின், ஒவ்வொரு கருவுக்கும் அந்நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. உடலுக்கு வெளியே உருவான கருவிலிருந்து சில உயிரணுக்களை எடுத்து ஆய்ந்து, நோயற்றதைக் கருப்பையில் வைப்பது மருத்துவம். செயற்கைக் கருத்தரிப்பை ஒழுங்குபடுத்தும் 2021-ஆம் ஆண்டுச் சட்டமும் பரம்பரை நோய்களை அறிவதற்கென இச்சோதனைக்கு இடந்தருகிறது.

ஆனால், அமெரிக்க நிறுவனங்கள் சில கருவின் அறிவுத்திறனையும் உயரத்தையும் மதிப்பிட்டுத் தருவதாகக் கூறிப் பணம் பெறுகின்றன. அறிவு ஒற்றை மரபணுவில் குடியிருப்பதா? ஆயிரக்கணக்கான மரபணு வேறுபாடுகளின் சிறு சிறு பங்கும், உணவும், வீடும், பள்ளியும் கூடி அமைவது அது. கைக்கெட்டிய ஐந்தாறு கருக்களுள் மேதையைப் பொறுக்குவது கிளி சோதிடத்தினும் தாழ்ந்தது. கிளிக்காரர் கேட்கும் கூலியாவது குறைவு!

சட்டம் இருக்க அச்சம் ஏன் என்பாருக்கு நம் நாட்டு வரலாறே விடை. 1970-களில் பனிக்குட நீரைச் சோதிக்கும் முறை இங்கு வந்தது கருவின் குறைபாடுகளைக் கண்டறியவே. நம்மவர் அதனைப் பெண் கருவை அழிக்கும் கருவியாக்கினர். 1988-இல் மகாராஷ்டிரமும் 1994-இல் நடுவண் அரசும் சட்டம் இயற்றின. பயன் யாது? ஆறு வயது வரையுள்ளோருள், ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 1991-இல் 945 ஆக இருந்த பெண் குழந்தைகள் 2001-இல் 927 ஆகக் குறைந்தனர். மணமகள் தேவை விளம்பரத்தில் சாதிக்கு அடுத்த வரியிலேயே நிறத்தையும் உயரத்தையும் அச்சிடும் நம் கையில் புதிய சல்லடையும் கிடைத்தால், எதைச் சலிப்போம் என்று சொல்லவும் வேண்டுமா?

அறிவுடைய மக்களைப் பெறுதலை வள்ளுவரே போற்றினாரே என்று எடுத்துக்காட்டுவாரும் உளர். மக்கட்பேறு அதிகாரத்தை முழுதும் படித்தால், பிள்ளையைக் கற்றோர் நடுவே உயர்த்தும் கடமை தந்தையின்மேல் வைக்கப்பட்டிருப்பது விளங்கும். அது பிள்ளை பிறந்த பின் ஆற்றும் பணி. ஊர்விட்டு ஊர் வந்து மூட்டை சுமந்தும் துணி வெளுத்தும் பிள்ளைகளைப் படிக்க வைத்த நம் முன்னோர் செய்ததும் அதுவே. பணம் கொடுத்துத் தேர்ந்தெடுத்த பிள்ளை பத்தாம் வகுப்பில் தோற்று நின்றால், அதனை எந்தக் கடையில் திருப்பிக் கொடுப்பார்கள்?