பெயரறிந்த பின்னே தீர்ப்பு

கடலோரத்தில் பிறந்தவனுக்கு மீனைப் பற்றியும் சொல்லித்தர வேண்டுமா என்று நண்பர்கள் கேட்கலாம். நான் ஆலந்தலையைச் சேர்ந்தவன். சீலா, பாறை, விளமீன், சாளை என்று கரைக்கு வரும் மீனை வாலைப் பார்த்தே பெயர் சொல்லும் பெரியவர்கள் நிறைந்த ஊர் அது. ஆயினும், சென்ற மழைக்காலத்தில் ஒரு குளத்து மீன் எங்கள் கர்வத்தை அடக்கிவிட்டது.

ஊருக்கு மேற்கேயுள்ள குளத்தில் மாமாவுடன் தூண்டில் போட்டிருந்தேன். இழுத்த இழுப்பில் கை வலித்தது. கரைக்கு வந்தது கரிய, செதிலற்ற, தட்டைத் தலையுடைய மீன். வாயைச் சுற்றி எட்டு மீசைகள். வாளியில் போட்டோம். சற்று நேரத்தில் அதிலிருந்த கெண்டைக் குஞ்சுகள் இரண்டைக் காணோம்! "வயசான கெளுத்தி மருமவனே, வேற ஒண்ணுமில்ல" என்றார் மாமா. அருகிலிருந்த ஒருவர் விரால் என்றார். மற்றொருவர் விலாங்கு என்றார். நெடுநேரமாகியும் சாகாத அந்த உயிரின்மேல் இரக்கம் கொண்டு, அதை மீண்டும் குளத்திலேயே விட்டுவிட்டேன்.

மறுநாள் கைப்பேசியில் எடுத்த படத்தைப் பார்த்த விலங்கியல் விரிவுரையாளர், "ஆப்பிரிக்கக் கெளுத்தியப்பா இது; விட்டிருக்கக் கூடாது" என்றார். என் இரக்கம் குளத்துக்குக் கேடாய் முடிந்ததே என்று அன்று நான் வருந்தினேன்.

இம்மீன் ஒரு மீட்டருக்கு மேலும் வளரும், அகப்பட்டதையெல்லாம் தின்னும், காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு உண்டாதலால் ஈரத்தரையில் ஊர்ந்து அடுத்த நீர்நிலைக்கும் போகும். இதை வளர்ப்பதற்கு இந்தியாவில் 2000 ஆம் ஆண்டிலேயே தடை விதிக்கப்பட்டது. எனினும் விரைவில் வளர்ந்து பணம் தருவதால் மறைவாக வளர்ப்போர் உண்டு. "ஏழைக்கு மலிவான உணவுதானே, தின்றால் என்ன?" என்பார்கள். பண்ணைக் குட்டைக்குள்ளேயே அது அடங்கிக் கிடக்குமானால் அந்த வாதத்துக்கு இடமுண்டு. ஆனால் 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியதே! குளங்களே உடைந்த அந்த வெள்ளத்தில் குட்டையின் வரப்பு எம்மாத்திரம்?

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், கிராஃப்டன் என்னும் ஊர்க் குளத்திலும் 2002 ஆம் ஆண்டு இதைப் போன்றதொரு நிகழ்ச்சி நடந்தது. தூண்டிலில் சிக்கிய விந்தை மீனைப் படமெடுத்துவிட்டு, என்னைப் போலவே தண்ணீரில் விட்டுவிட்டார் ஒருவர். படத்தைப் பார்த்த வல்லுநர்கள் அதைச் சீன நாட்டு விரால் இனம் என்று கண்டறிந்தனர். பின்னர் அக்குளத்தில் மருந்திட்டு மீன்களையெல்லாம் அழிக்க நேர்ந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகள் அகப்பட்டன. நமக்கு விருந்தாகும் விராலின் உறவினனை அங்கே பத்திரிகைகள் அரக்கன் என்று வருணித்தன.

இதிலிருந்து நான் கொள்ளும் கருத்து ஒன்றே. மூர்க்கம் குற்றமன்று. நம் விரால் தன் குஞ்சுகளைக் காக்க எதையும் எதிர்த்துப் பாயும். அது நம் குளத்துப் பிள்ளை. நம் நாட்டுக் கெளுத்திக்கும் மீசை உண்டு, காற்றைச் சுவாசிக்கும் திறமும் உண்டு. பெயரறியாமல் இரங்கினால் அந்நியன் பிழைப்பான். பெயரறியாமல் அஞ்சினால் சொந்தப் பிள்ளை சாவான். 1952 இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட சிலேபியை இன்று நாம் உள்ளூர் மீனென்றே எண்ணுகிறோம். மறதி அவ்வளவு எளிது!

ஆகவே, மாணவ நண்பர்களே, அறியாத மீன் அகப்பட்டால் படமெடுங்கள். இடத்தையும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். அடையாளம் தெரியும்வரை எந்த நீரிலும் விடாதீர்கள். தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது, கேட்டால் சொல்லுவார்கள். நம் விலங்கியல் துறையும், சுற்றியுள்ள குளத்து மீன்களின் ஊர்ப் பெயர்களைப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு பதிவேடு தொடங்கலாம். அதன் முதல் பக்கத்தில் என் தவற்றை நானே எழுதித் தருகிறேன்.