சங்க வண்டியும் கழிவு எண்ணெயும்

அண்மையில் நான் ஆய்வுக்குச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தின் இருப்புப் பதிவேட்டில், 40 துண்டுகள் 'கறைபட்டவை' எனத் தனியே குறிக்கப்பட்டிருந்தன. காரணம் வினவினேன். சங்கத்தின் பழைய வேனுக்கு முற்றத்திலேயே எஞ்சின் எண்ணெய் மாற்றியிருக்கிறார்கள். சிந்திய எண்ணெயை மிதித்த ஒருவர் கிடங்கினுள் சென்று சிப்பத்தின்மீது ஏறியிருக்கிறார். நெய்தவருக்குக் கூலி கொடுத்தாகிவிட்டது, துண்டோ விலைபோகவில்லை. அந்த நட்டம் பங்குத்தொகை செலுத்திய அங்கத்தினர் அனைவரையும் சேர்ந்தது.

இது டிரைவர் பாடு என்று நிர்வாகக் குழுவினர் ஒதுங்குவது முறையன்று. தேவையான சாமான்களை வாங்கித் தராமல் அவரைக் குறைகூறுவதும் நியாயமன்று.

2019ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன மாருதி ஆம்னி போன்ற சிறு வேனில் சுமார் 3 லிட்டர் எண்ணெய்தான் இருக்கும். ஆயினும் 7, 8 லிட்டர் கொள்ளும் அகன்ற தட்டே வேண்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்திக் கைப்பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவரும் அடியில் புகலாகாது. எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓட்டி நிறுத்தினால் எண்ணெய் இளகி எளிதில் இறங்கும். கொதிக்கும் சூட்டில் திறந்தால் கை வெந்துபோகும்.

பெரும்பாலான சிதறல் நேர்வது போல்ட் கழலும் அந்த ஒரு கணத்தில்தான். கடைசிப் புரிகளில் போல்ட்டை உள்நோக்கி அழுத்தியவாறே திருகி, முழுதும் கழன்றபின் சட்டென்று கையை விலக்க வேண்டும். போல்ட் பக்கவாட்டில் அமைந்திருப்பின் எண்ணெய் முதலில் தள்ளிப் பாயும். வேகம் குறையக் குறைய நேர்கீழே விழும். எனவே தட்டை முதலில் தள்ளி வைத்துப் பின்னர் உள்ளே நகர்த்த வேண்டும். தட்டு வைத்த இடமே போதுமென்று டீ குடிக்கப் போனவர்களால்தான் பல முற்றங்கள் கறுத்தன! காற்று வீசும் நாளில் மெல்லிய தாரை விலகும். ஆகவே, அடியில் பழைய அட்டை விரித்து அதன்மேல் மரத்தூள் தூவுவது நலம். பில்டரைக் கழற்றும்போது பிளாஸ்டிக் பையால் மூடிக்கொண்டால் அதிலுள்ள எண்ணெய் பைக்குள்ளேயே நின்றுவிடும். புது வாஷர் இட்டு, போல்ட்டை அளவாக இறுக்குக. மிகையாக இறுக்கினால் புரி அழிந்து, ஓயாத ஒழுக்கு உண்டாகும்.

இறங்கிய எண்ணெயைக் கரையானுக்கென்று கம்பங்களில் பூசுவதும், சென்டரிங் பலகைக்குக் கொடுப்பதும் நம் ஊர்களில் வழக்கம். பயிரிடும் அங்கத்தினர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். கழிவு எண்ணெயில் உலோகத் துகளும் எரிந்த கசடும் உண்டு. அது நெடுநாள் தோலிற் படுவது புற்றுநோய்க்கும் வழிகோலக்கூடும். வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ ஊற்றினால் அந்நீரைக் குடிப்பவர் நாமே. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளும் இதைக் கண்டபடி கொட்ட இடந்தரவில்லை. தண்ணீரோ மண்ணெண்ணெயோ கலவாமல் மூடியுள்ள டின்னில் சேர்த்து, அங்கீகாரம் பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்குச் சேரும்படி ஒர்க்ஷாப்பில் ஒப்படைக்க வேண்டும்.

தட்டு, புனல், டின், கையுறை ஆகியவற்றை வாகனப் பராமரிப்புக் கணக்கில் வாங்கலாம். அந்த ரசீதுக்கு நான் ஆட்சேபணை எழுத மாட்டேன்.