கறுத்த தோலுக்கும் புற்றுநோய் வரும்

"அது வெள்ளைக்காரருக்கு வாற வருத்தம். எங்கட தோலுக்கு ஒண்டும் வராது." வத்தளையில் தோல் புற்றுநோய் பற்றி யார் பேச்செடுத்தாலும் கிடைக்கிற பதில் இதுதான். படித்தவர்களும் சொல்கிறார்கள். அவுஸ்திரேலியாவில் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இன்னும் உறுதியாகச் சொல்கிறார்கள். தொப்பியும் கிறீமும் அங்கே வேண்டும், இங்கே எதற்கு என்பது அவர்கள் வாதம். இந்த நம்பிக்கையில் பாதி உண்மை. அந்தப் பாதிதான் ஆட்களை வைத்தியரிடம் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

உண்மையான பாதியை முதலில் ஒப்புக்கொள்கிறேன். தோலுக்கு நிறம் தரும் மெலனின், வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கிறது. சன்ஸ்கிறீம் போத்தலில் போடுகிற அதே அளவுகோலில், கறுப்பினத்தவரின் தோலுக்கு இயற்கையாகவே ஏறத்தாழ 13, வெள்ளையர் தோலுக்கு 3 சொச்சம் என்று 1979இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கணித்தது. ஆகவே வெயிலால் வரும் தோல் புற்றுநோய் எங்களிடையே குறைவு. இலங்கையில் ஆண்களுக்கு வாய்ப் புற்றுநோயும் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயும்தான் முன்னுக்கு நிற்கின்றன. ஆனால் எல்லாத் தோல் புற்றுநோயும் வெயிலால் வருவதில்லை. வெயிலே படாத இடத்தில்தான் எங்கள் ஆபத்து அதிகம் ஒளிந்திருக்கிறது.

உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி. கறுத்த, மாநிறத் தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா என்கிற கொடிய தோல் புற்றுநோய் வந்தால், பெரும்பாலும் இந்த இடங்களில்தான் வருகிறது. பொப் மார்லியின் முகத்தை எங்கள் ஊர் ஓட்டோக்களின் பின்புறத்தில் நிறையவே காணலாம். அவர் இறந்தது இந்த நோயால்தான். 1977இல் அவருடைய கால் பெருவிரல் நகத்தின் கீழ் இருந்தது பந்தடித்த காயம் என்றே முதலில் எண்ணப்பட்டது. மெலனோமா என்று தெரிந்ததும் விரலை எடுத்துவிடச் சொன்னார்கள். அவர் மறுத்தார். நகத்தையும் அதன் அடித்தசையையும் மட்டும் எடுத்தார்கள். 1981 மே 11ஆம் திகதி, 36 வயதில் அவர் இறந்தபோது நோய் மூளைவரை பரவியிருந்தது.

"காலில் மச்சம் இருந்தால் வெளிநாட்டுப் பயணம்" என்று மச்ச சாஸ்திரம் சொல்வதை நம்பிச் சந்தோஷப்படுகிறவர்கள் எங்களிடையே உண்டு. பிறவியிலிருந்து மாறாமல் இருக்கிற மச்சத்தால் பயமில்லை. நடுத்தர வயதில் உள்ளங்காலில் புதிதாக ஒரு கரும்புள்ளி தோன்றி அகலமாகிக்கொண்டு போனால், அதற்குச் சாஸ்திரம் பார்க்கக் கூடாது. நகத்திலும் அப்படித்தான். எங்கள் தோல் நிறத்துக்குப் பல நகங்களில் மெல்லிய கபிலக் கோடுகள் இருப்பது வழமை. ஒரேயொரு நகத்தில், குறிப்பாகப் பெருவிரலில், கோடு வந்து அகலித்தாலோ, கறுப்பு நகத்தைத் தாண்டிச் சுற்றியுள்ள தோலுக்குப் பரவினாலோ உடனே காட்ட வேண்டும். நகத்தில் அடிபட்ட இரத்தக்கட்டு, நகம் வளர வளர நுனிப்பக்கமாக நகர்ந்து போய்விடும். புற்றுநோய் நகராது.

"பழைய காயம்தானே, சீனி வருத்தம் உள்ளவருக்குப் புண் ஆறாதுதானே" என்பது அடுத்த சமாதானம். இதுவே என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது, ஏனென்றால் இது வைத்தியம் தெரிந்த பேச்சுப்போல ஒலிக்கிறது. எண்ணெய் கொட்டிய தழும்பு, வருடக்கணக்காக ஆறாத கால்புண் போன்றவற்றிலும் புற்றுநோய் முளைக்கலாம். இப்படியான புண்ணை 1828இல் விவரித்த பிரெஞ்சுச் சத்திரசிகிச்சை நிபுணர் மார்ஜொலினின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. காஷ்மீரில் குளிருக்கு மேலங்கிக்குள் காங்கிரி என்னும் நெருப்புச் சட்டியை வைத்துக்கொள்கிறவர்களுக்கு, சூடு படுகிற வயிற்றிலும் தொடையிலும் இந்தப் புற்றுநோய் வருவது ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அறிந்த விஷயம். சேலை கட்டும் பெண்களுக்கு, உள்பாவாடை நாடா இறுக்கி உராய்கிற இடுப்பில் வந்திருக்கிறது. இந்தியாவின் வார்தாவைச் சேர்ந்த வைத்தியர்கள் 2024இல் எழுதிய அறிக்கையில், இடுப்பில் 18 மாதங்களாக ஆறாத புண்ணுடன் வந்த 70 வயதுப் பெண் ஒருவரின் கதை இருக்கிறது. எங்கள் அம்மாக்கள், அம்மம்மாக்களில், இடுப்பில் நாடா இறுக்கிய கறுத்த வடு இல்லாதவர் எத்தனை பேர்? வடுவால் பயமில்லை. அதில் புண் வந்து ஆறாமல் நின்றால் பயம் உண்டு.

"வலிக்கேல்லை, அப்ப ஒண்டுமில்லை" என்பதற்கு வத்தளைக்காரருக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. ஒல்லாந்தர் காலத்தில், 1708இல் தொடங்கிய தொழுநோய் வைத்தியசாலை எங்கள் ஹெந்தளையில்தான் இருக்கிறது. உணர்ச்சியற்ற தேமல் என்றால் உடனே காட்டவேண்டும் என்று இந்த ஊருக்குத் தெரியும். தோல் புற்றுநோயும் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. முகத்தில், மூக்கோரம், மினுங்கும் கறுத்த பரு ஒன்று நடுவில் புண்ணாகி, பொருக்கு விழுந்து, ஆறுவதுபோல் காட்டித் திரும்ப இரத்தம் கசிந்தால், வலிக்கவில்லை என்ற ஆறுதல் செல்லாது.

கடைசியாக, "கத்தி பட்டால் பரவிவிடும்." இந்தப் பேச்சு உயிரை எடுக்கிறது. சந்தேகமான இடத்தை ஊசி போட்டு விறைக்கவைத்து, சிறு துண்டெடுத்துப் பரிசோதிப்பதால் தோல் புற்றுநோய் பரவுவதில்லை. அது பரவுவது காலம் கடத்துவதால். மெலனோமா தோலுக்குள் எத்தனை மில்லிமீற்றர் இறங்கியிருக்கிறது என்பதே நோயாளியின் எதிர்காலத்தைச் சொல்கிறது என்று 1970இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ காட்டினார். ஒரு மில்லிமீற்றருக்குள் இருக்கும்போது வெட்டி எடுத்தால் பெரும்பாலானோர் முழுமையாகக் குணமடைகிறார்கள். பிந்திப் போகிறவர்களின் நிலையை அமெரிக்கக் கணக்கு காட்டுகிறது: மெலனோமா கண்டுபிடிக்கப்பட்டு ஐந்து ஆண்டுகள் உயிர்வாழ்வோர் வெள்ளையரில் ஏறத்தாழ 94 வீதம், கறுப்பினத்தவரில் ஏறத்தாழ 70 வீதம். கறுப்பினத்தவருக்கு நோய் குறைவாகவே வருகிறது. ஆனால் பலருக்கு முற்றிய பிறகே தெரியவருகிறது.

ஆகவே குளித்து முடித்ததும் உள்ளங்கால், விரலிடுக்கு, நகங்கள், பழைய தழும்புகள் எல்லாவற்றையும் மாதம் ஒருமுறையாவது பாருங்கள். குனிய முடியாத வயதானவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லுங்கள். ஒரு பாதி மறுபாதியைப்போல் இல்லாத, ஓரம் கிழிந்ததுபோல் இருக்கிற, பல நிறம் காட்டுகிற, 6 மில்லிமீற்றரைத் தாண்டிய, முக்கியமாக மாறிக்கொண்டே இருக்கிற மச்சத்தையும், நான்கு கிழமை கடந்தும் ஆறாத புண்ணையும் பாமசியில் களிம்பு வாங்கிப் பூசி மூடிவைக்காதீர்கள். ராகமையில் கொழும்பு வடக்கு போதனா வைத்தியசாலை பக்கத்திலேயே இருக்கிறது. அரசாங்க வைத்தியசாலையில் காட்டக் காசு தேவையில்லை. இந்தக் கிழமையே போய்க் காட்டுங்கள்.