கரையைக் காத்தால் ஆறு காக்கப்படுமா?

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஜோர்ஜியா மாநிலத் தலைநகரான அற்லாண்டாவைத் தொட்டு ஓடுகிறது சட்டஹூச்சி ஆறு. மாநகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் 60 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்கின்றனர். இவர்களிற் பெரும்பான்மையோரின் குடிநீர் இந்த ஆற்றிலும் அதன் நீர்த்தேக்கத்திலும் இருந்தே வருகிறது. நகரம் பெருகியபோது கரையெங்கும் வீடுகளும் கட்டடங்களும் நெருங்கி வந்தன. கரையைக் காக்க வேண்டுமென்று பொதுமக்கள் குரல் எழுப்பினர். 1978 ஆகஸ்ட் 15இல், ஜோர்ஜியாவைச் சேர்ந்தவரான ஜனாதிபதி ஜிமி காட்டர் ஒப்பமிட்ட சட்டத்தினால் இது தேசிய பொழுதுபோக்குப் பிரதேசம் ஆயிற்று. பியூபோர்ட் அணைக்கட்டிலிருந்து பீச்ற்றீ சிற்றாறு வந்து கலக்கும் இடம்வரை, 48 மைல் நீளமான பகுதி இதில் அடங்கும்.

ஒரு கோடை நாளில் அணைக்கட்டின் கீழே நாம் நின்றிருந்தோம். நீர்த்தேக்கத்தின் அடியிலிருந்து நீர் திறந்துவிடப்படுவதால், கொளுத்தும் வெயிலிலும் கால் விறைக்கிறது. குளிர்நாட்டு ட்ரவுற் மீன்கள் அங்கு வாழ்வதற்கும் இதுவே காரணம். தூண்டிலோடு சிலர் இடுப்பளவு நீரில் நின்றனர். குடும்பங்கள் மரநிழலில் உணவுப் பொதிகளை அவிழ்த்துக்கொண்டிருந்தன. திடீரென அபாயச் சங்கு ஒலித்தது. அனைவரும் கரையேறினர். சில நிமிடங்களில் நீர் பல அடி உயர்ந்து, அவர்கள் நின்ற கற்களை மூடிற்று. இயற்கையின் மடி போலத் தோன்றும் இந்த ஆற்றின் ஏற்ற இறக்கத்தை, மின்சாரத்தின் தேவையும் நீரின் தேவையுமே தீர்மானிக்கின்றன என்பதை அப்போது உணர்ந்தோம்.

ஒரு மாநகரின் அருகே இவ்வளவு கரை பொதுமக்களுக்கென விடப்பட்டிருப்பது பெரும் சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் இப்பிரதேசத்தின் எல்லை எங்கே முடிகிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும். நகரம் தனது குடிநீரை எடுப்பது பீச்ற்றீ சிற்றாறு கலக்கும் இடத்துக்குச் சற்று மேலே. அதன் கழிவுநீர் ஆற்றிற் சேர்வது அந்த இடத்திலும் அதற்குக் கீழேயும். ஆகவே, நகரம் குடிக்கும் நீர் ஓடும் கரை காக்கப்பட்டது; நகரம் திருப்பிக் கொடுக்கும் நீர் ஓடும் கரை காப்புக்கு வெளியே விடப்பட்டது.

விளைவை அனுபவித்தவர்கள் கீழ்ப்புறத்து மக்கள். மழை பெய்யும்போதெல்லாம் பழைய கழிவுநீர்க் குழாய்கள் நிரம்பி ஆற்றில் வழிந்தன. ஆற்றைக் காப்பதற்கென 1994இல் தோன்றிய மக்கள் அமைப்பொன்று, அடுத்த ஆண்டிலேயே மாநகரத்துக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. 1998இலும் 1999இலும் நீதிமன்றத்தின் முன் செய்யப்பட்ட இணக்கங்களின் பின்னரே குழாய்களைச் சீராக்கும் பெருவேலை தொடங்கியது. பூங்காச் சட்டம் செய்யாததை மக்களின் வழக்குச் செய்தது.

அதற்கும் கீழே இன்னொரு கதை உண்டு. இந்த ஆறு பிளின்ற் ஆற்றோடு சேர்ந்து, அப்பலாச்சிக்கோலா என்ற பெயரில் புளோரிடா மாநிலத்தினூடாகக் கடலை அடைகிறது. அங்குள்ள குடாவில் நன்னீர் குறைந்து சிப்பிகள் அழிந்துபோவதற்கு மேலே நீர் எடுப்பவர்களே காரணம் என்று புளோரிடா 2013இல் அமெரிக்க உயர் நீதிமன்றத்தை நாடியது. 2020 டிசெம்பரில் அக்குடாவில் சிப்பி எடுப்பதை நிறுத்த அம்மாநில அதிகாரிகள் முடிவு செய்தனர். 2021இல் நீதிமன்றம் குற்றச்சாட்டுப் போதியளவு நிரூபிக்கப்படவில்லை எனக் கூறி வழக்கைத் தள்ளியது. வரட்சி, அளவுக்கு மீறிய அறுவடை ஆகியனவும் காரணமாயிருக்கலாம் என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆயினும் பரம்பரையாகச் சிப்பி எடுத்து வாழ்ந்தவனின் வெறும் வள்ளத்துக்கு அத்தீர்ப்பில் விடை இல்லை.

இப்போது ஆற்றோரமாக 100 மைல் தூரத்துக்கு, நகருக்குக் கீழேயும் நீளும் நடைபாதை ஒன்று திட்டமிடப்பட்டுள்ளது. இதனை வரவேற்கிறோம். கரைக்கு வந்து நீரைத் தொடுபவனே அதற்காகக் குரல் கொடுப்பான். ஆனால் சொந்த வாகனம் இல்லாதவனும் அங்கு வந்துசேர வழி வேண்டும். இன்று பெரும்பாலான இடங்களில் அது எளிதன்று. நடைபாதை போட்டதோடு கடமை முடிந்தது என்று எண்ணுவதும் தவறு.

கரையைக் காப்பது முதற்படி மாத்திரமே. எந்த ஆற்றின் பாதுகாப்புத் திட்டம் எம்முன் வைக்கப்பட்டாலும் நாம் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும்: இந்தப் பாதுகாப்பு எந்த இடத்தில் முடிகிறது? அந்த இடத்துக்குக் கீழே வாழ்பவர்கள் யார்? அவர்களையும் ஒரே மேசையில் அமர்த்தாத திட்டம், ஆற்றின் ஒரு துண்டையே காக்கிறது. ஆறோ துண்டு துண்டாக ஓடுவதில்லை.