பீரோவில் பூட்டிய புத்தகம்

இன்று கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பென்னலூர் பஸ் ஸ்டாப்பில் என் பழைய மாணவன் ஒருவனைப் பார்த்தேன். நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவன், "சார், மெமோ கொடுத்துட்டாங்க" என்றான். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சி.என்.சி. லேத் ஓட்டுகிறான். இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. டீக்கடையில் உட்காரவைத்து விசாரித்தேன்.

அதுவரை ஃபானுக் கன்ட்ரோல் மெஷினில் இருந்தவனை அன்று சீமென்ஸ் மெஷினுக்கு மாற்றியிருக்கிறார்கள். பழக்கத்தில் ஜி71 என்று எழுதிவிட்டான். ஃபானுக் லேத்தில் ஜி71 என்றால் மேல் பொருளைப் படிப்படியாகச் சீவித் தள்ளும் ரஃப் டர்னிங். சீமென்ஸின் சொந்த மொழியிலோ அதற்கு 'அளவுகள் மில்லிமீட்டரில்' என்றுதான் பொருள். சீவுவதற்கு அங்கே சைக்கிள்95 என்று வேறு கட்டளை. மெஷின் அலாரம் காட்டி நின்றுவிட்டது. கையேடு பீரோவில், சாவி சூப்பர்வைசரிடம், அவர் வருவது காலையில். கம்ப்யூட்டரில் ஒரு பி.டி.எஃப். இருந்ததாம். அலாரம் எண்ணைப் போட்டுத் தேடினால் ஒன்றும் வரவில்லை. பக்கங்களைப் படமாக ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள், படத்துக்குள் கம்ப்யூட்டர் எப்படித் தேடும்? செல்போனுக்கு உள்ளே அனுமதி இல்லை. விடியும்வரை மெஷின் சும்மா நின்றது.

தவறு அவனுடையதுதான். ஆனால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்க வேண்டிய தவறு அது.

இதை வீட்டில் சொன்னபோது என் தம்பி மகன், இன்ஜினியர், "தேடித் தேடிப் பார்க்கிறவன் எதையும் கத்துக்க மாட்டான் பெரியப்பா. நாங்கல்லாம் புக்கைப் புரட்டித்தான் வந்தோம்" என்றான். கணக்கு வாத்தியாரிடம் இது செல்லாது. கிளார்க்ஸ் டேபிள் நினைவிருக்கிறதா? மடக்கை எண்களை மனப்பாடம் செய்யச் சொல்லி உங்களில் யாரையாவது அடித்திருக்கிறேனா? பரீட்சை ஹாலிலேயே புத்தகத்தைக் கையில் கொடுத்தோம். எதற்காக மடக்கை எடுக்கிறோம் என்பது தலையில் இருக்க வேண்டும். எண் அட்டவணையில் இருந்தால் போதும். (கொசைனிலும் மீன் டிஃபரன்ஸைக் கூட்டி மார்க்கை விட்டவர்கள் இப்போது தலையைக் குனிந்துகொள்ளலாம்.)

ஜி00, ஜி01, எம்03 போன்றவை ஏறக்குறைய எல்லா மெஷினிலும் ஒன்றுதான். ஐ.எஸ்.ஓ. 6983 என்று அதற்கொரு தரமே இருக்கிறது. அதைத் தாண்டினால் கன்ட்ரோலுக்குக் கன்ட்ரோல் மாறும். எம் கோடுகளில் பலவற்றை மெஷினைக் கட்டிய கம்பெனியே வைத்துக்கொள்ளும். சீமென்ஸ் தன் கையேடுகளை இணையத்திலேயே வைத்திருக்கிறது, இறக்கிக்கொள்ளலாம். மெஷின் கட்டியவர் கொடுத்த மெல்லிய புத்தகம்தான் வேறெங்கும் கிடைக்காது. முதலில் காணாமல் போவதும் அதுதான்.

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை சூப்பர்வைசராக, மெயின்டனன்ஸில், மேனேஜராக இருக்கும் என் பிள்ளைகளிடம்தான் கேட்கிறேன். மெஷினோடு வந்த கையேட்டை மெஷின் அருகிலுள்ள கம்ப்யூட்டரில் போட்டு வையுங்கள். ஸ்கேன் படமாக இருந்தால் டெசராக்ட் போன்ற இலவச மென்பொருள் அதை எழுத்தாக மாற்றிவிடும், தமிழையும் படிக்கும். ஆனால் எண்களை ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். 71, 77 ஆகிவிட்டால் கையேடு இல்லாததைவிட மோசம். தமிழில் தட்டச்சு செய்த பயிற்சிக் குறிப்புகள் பழைய பாமினி எழுத்துருவில் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றுங்கள். பாமினியில் திரையில் தெரிவதுதான் தமிழ். உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. 'துளை' என்று எத்தனை முறை தேடினாலும் அகப்படாது.

செலவு என்று பார்த்தால் ஒரு பழைய கம்ப்யூட்டரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும்தான். சரிபார்க்க ஆள் இல்லை என்றால் என்னிடம் கொடுங்கள். கம்பெனி அனுமதியோடு, வரிக்கு வரி பார்த்துத் தருகிறேன். கண்ணாடி புதிதாக மாற்றியிருக்கிறேன்.