முதல் சந்திப்பில் என்ன பேசலாம்?

‘‘விவசாயிகள் குழுவுடன் முதல்முறையாக வெளிநாடு செல்கிறேன். உடன் வருபவர்கள் யாரையும் தெரியாது. விமான நிலையத்தில் சந்திக்கும்போது எதையெல்லாம் பேசிக்கொள்ள வேண்டும்?’’
- வாசகர், மணப்பாறை.

‘‘நெல் உற்பத்தியைப் பெருக்கும் தொழில்நுட்பங்களைக் கற்க, 100 முன்னோடி விவசாயிகளை ஜப்பான், சீனா, வியட்நாம் நாடுகளுக்கு அழைத்துச் செல்வதாக 2025-26 வேளாண் பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது. இப்படிப் பல மாவட்டத்தினர் சேரும் குழுவில், முதல் நாளே கூச்சத்தை விட்டுவிடுவது நல்லது.

ஊர், பயிர், பாசனம் எனப் பேச்சைத் தொடங்குங்கள். மணப்பாறை முறுக்கை நீட்டினால் அறிமுகம் இன்னும் சுலபம். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால், மாத்திரை எந்தப் பையில் இருக்கிறது என்பதை அறையில் உடன் தங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். மறைத்தால், மயங்கி விழும்போது உதவ வருபவருக்கு ஒன்றும் புரியாது.

எவ்வளவு பழகினாலும் அடுத்தவர் பொட்டலத்தை உங்கள் பையில் வைக்காதீர்கள். சோதனையில் சிக்கினால் பைக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும்.

திரும்பும்போது, ‘நாலு விதைதானே’ என்று எடுத்து வரவும் கூடாது. இறக்குமதி அனுமதியும் பயிர் நலச் சான்றும் இல்லாமல் விதை கொண்டுவர, 2003-ம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணை இடம் கொடுப்பதில்லை. உடன் வந்தவர்களின் செல்போன் எண்களை வாங்கி வாருங்கள். பார்த்ததை அவர்கள் தங்கள் வயலில் செய்யும்போது, உங்களுக்கும் பாடம் கிடைக்கும்.’’